பேடில் பூத்த உப்பு: பசுமைக்குடில் ஆராய்ச்சியாளர்களுக்கு ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பசுமைக்குடில் சாகுபடியை ஆராயும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

உச்சிப்புளி பக்கம் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி நான். எங்கள் ஊரில் வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மல்லி, இரண்டுக்கும் நடுவே 1,000 சதுர மீட்டரில் ஒரு பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் தாள் கூரை போட்ட பசுமைக்குடில். அந்தப் பாலிஹவுஸில் இப்போது பயிர் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லிவிட்டு, உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல்.

முதல் பயிர் நன்றாகவே வந்தது. ஐப்பசிக் கடைசியில் விதைத்த வெள்ளரி, மார்கழியிலும் தையிலும் காய்த்துக் கொட்டியது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகம் என்பதால் தேனீ உள்ளே வராதது குறையாகத் தெரியவில்லை. அந்த மூன்று மாதத்தில் நான் கண்ட கனவுக்கு அளவில்லை. பிறகு பங்குனியில் குடைமிளகாய் நட்டேன். சித்திரை பிறந்ததும் வெளியே 35 டிகிரி இருக்கும் மதியத்தில், ஃபேனை நிறுத்தினால் உள்ளே 41 டிகிரி காட்டியது. ஃபேன் ஓடினாலும் 31, 32க்குக் கீழே இறங்கவில்லை. இரவிலும் புழுக்கம் அடங்கவில்லை. பூ வந்தது, வந்த பூவெல்லாம் உதிர்ந்தது. விடியற்காலையில் கூரைத் தாளின் உட்புறம் நீர் கோத்து, சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்தது. அப்புறம் நோய் வந்தது.

எனக்குக் குடில் போட்டுத் தந்த நிறுவனம், ஃபேனும், காற்றைக் குளிர்விக்கும் ஈர அட்டையான பேடும் இருந்தால் எந்த ஊரிலும் எந்தப் பயிரும் வரும் என்று சொல்லியிருந்தது. உள்நாட்டில் போட்ட அதே அளவு, அதே வரைபடம், அதே உயரம்தான் எனக்கும். அவர்கள் என்னை ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கடற்கரையின் காற்று வேறு என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடன் மட்டும் என் பெயரில் நின்றது.

நீங்கள் அறிந்ததுதான், ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்ற விவசாயிகளுக்காகச் சொல்கிறேன். பேட் என்பது தேன்கூடு மாதிரி மடித்த கெட்டி அட்டை. மேலிருந்து அதில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். எதிர்ச்சுவரில் உள்ள பெரிய ஃபேன்கள் இழுக்கும்போது வெளிக்காற்று அந்த ஈர அட்டை வழியாக நுழைந்து, தண்ணீரை ஆவியாக்கி, தான் குளிர்ந்து உள்ளே வரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். 36 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் இருந்தால், நல்ல பேட் ஒன்று அதை 24, 25 டிகிரி வரை இறக்கிவிடும். அதே 36 டிகிரியில் ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் 30 டிகிரியோடு நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை ஃபேன் மாட்டினாலும் கரண்ட் பில்தான் ஏறும். இந்தக் கணக்கை யாராவது எனக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டியிருந்தால் சித்திரைக்குக் குடைமிளகாய் நட்டிருக்க மாட்டேன்.

இதோடு உப்பும் சேர்ந்துகொண்டது. என் போர் தண்ணீர் மழைக்காலத்தில் ஓரளவு நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏறக் கரிக்கும். பேடில் வடியும் தண்ணீர் ஆவியாகிப் போனதும் உப்பு அட்டையிலேயே தங்கிவிடுகிறது. இரண்டே கோடையில் பேட் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்து, கண்ணறைகள் அடைத்து, காற்றே நுழையாமல் போனது. தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். செடிகளுக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 2,500 லிட்டர் போனது. பேடுக்கு மட்டும் 4,000 லிட்டரைத் தாண்டியது. தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் பாலிஹவுஸ் என்று நம்பியிருந்த எனக்கு அந்த எண்ணைப் பார்த்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் அம்மா கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பியவர். அவர் மகன் ஒரு நாளில் 4,000 லிட்டரைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, கடற்கரைக்குப் பசுமைக்குடிலே ஆகாது என்று விட்டுவிடலாமா? அப்படி நான் நினைக்கவில்லை. இங்கே மண்ணும் தண்ணீரும் உவர்ப்பாக இருப்பதாலேயே, மண்ணை நம்பாமல், சொட்டுச் சொட்டாக அளந்து வளர்க்கும் முறை மற்ற ஊர்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவை. மண்ணின் உப்பைக் காட்டும் ஈ.சி. அளவு மிளகாய்க்கு 1.5 டெசிசீமென்ஸையும் தக்காளிக்கு 2.5 டெசிசீமென்ஸையும் தாண்டினால் விளைச்சல் இறங்கத் தொடங்கிவிடும் என்று உங்கள் பாடநூல்களே சொல்கின்றன. எங்கள் கரையோர நிலங்களில் அந்த வரம்புக்குள் இருப்பவை கொஞ்சம்தான். மார்க்கெட்டுக்கு வரும் தக்காளியும் வெள்ளரியும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து லாரியில் வருகின்றன. எங்கள் பெயரைச் சொல்லும் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கரிசலில் மானாவாரியாக வாழ்ந்த பயிர். அதைக் குடிலுக்குள் அடைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. காய்கறிக்கும் நாற்றுக்கும்தான் கேட்கிறேன்.

தளியில் கொய்மலருக்கும் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கும் சிறப்பு மையங்கள் இருக்கின்றன. ரெட்டியார்சத்திரத்துக்கு நானே போய் வந்தேன். குழித்தட்டு நாற்றும் சொட்டுநீர் உரமும் அங்கே கற்றுக்கொண்டதுதான். இன்றைக்கும் கை கொடுக்கிறது. ஆனால் தளி மேட்டு நிலக் குளிர்ச்சியில் இருக்கிறது. ரெட்டியார்சத்திரம் கடலைப் பார்க்காத ஊர். அங்கே வெற்றி பெற்ற குடிலை அப்படியே பெயர்த்து வந்து எங்கள் மண்டபம் கரையில் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ராமநாதபுரத்தில் உங்கள் கடலோர உவர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உவர் மண்ணை அறிந்த விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களையும் கோயம்புத்தூரில் குடில் கட்டத் தெரிந்தவர்களையும் ஒரே களத்தில் நிறுத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இந்தக் கரைக்கான பசுமைக்குடில் இந்தக் கரையில்தான் பிறக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே காற்றே நான்கு வகை. மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேட்டால் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று பிரித்துச் சொல்வார்கள். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் கடலைத் தடவி வருவதால் ஈரத்தைச் சுமந்து வரும். அந்தக் காற்றில் பேட் வேலை செய்யாது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் அப்படி இல்லை. மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த நிலத்தைத் தாண்டி வருவதால் அது உலர்ந்த காற்று. கச்சான் பலமாக அடித்த நாட்களில் என் குடிலுக்குள் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இறங்கியதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியானால் பேடை மேற்குப் பக்கம் வைத்தால் என்ன? அந்தக் காற்றே தள்ளும்போது ஃபேன் எதற்கு? ஒரு வருடச் சராசரி ஈரப்பதத்தை வைத்துக் குடில் வரைந்தால் இதெல்லாம் தெரியாது. காற்றுக்குக் காற்று, மணிக்கு மணி அளக்க வேண்டும்.

இதே கேள்வியை உலகத்தில் வேறு கரைகளும் கேட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் 20 ஹெக்டேர் கண்ணாடிக் குடில் 2016இல் தொடங்கியது. 23,000 கண்ணாடிகள் வெயிலைக் கோபுரத்தில் குவிக்க, அந்த வெப்பத்தில் கடல்நீரை நன்னீராக்கித் தக்காளி வளர்க்கத் தொடங்கினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்த முதலீடும் அந்தப் பாலைக் காற்றும் நமக்கு இல்லை. எனக்கு அதைவிட நெருக்கமாகத் தெரிவது சோமாலிலாந்தின் பெர்பெரா கரையில் நடந்த முயற்சி. கடல்நீர்ப் பசுமைக்குடிலை முதலில் யோசித்த சார்லி பேட்டன், பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே கண்ணாடியும் ஃபேனும் இல்லாமல், நிழல்வலைக்குள், காற்று வரும் திசையில் கடல்நீரில் நனைந்த அட்டைச் சுவரை வைத்துப் பார்த்தார். குளிர்ச்சிக்குக் கடல்நீர், செடிக்கு மட்டும் நன்னீர். என் 4,000 லிட்டரை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

செங்கடல் கரையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கேயும் எங்களைப் போலவே வெயிலும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கும். சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாவர விஞ்ஞானி மார்க் டெஸ்டரும் பொறியாளர் ரயன் லெஃபர்ஸும் இந்த வேலையில் இறங்கி, 2018இல் ஒரு நிறுவனமாகவே தொடங்கினார்கள். உள்ளே வந்த சூட்டைக் குளிர்விப்பதற்கு முன்னால், சூட்டை உள்ளேயே விடாமல் தடுப்பது அவர்கள் வழி. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். செடிக்கு அதனால் பயன் இல்லை, சூடு மட்டும்தான். வெளிச்சத்தை விட்டு, அந்தக் கதிரைத் தடுக்கும் கூரையை அவர்கள் உருவாக்கினார்கள். கூடவே உப்பைத் தாங்கும் வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டினார்கள். ஒட்டுக்கட்டுவது நமக்கும் புதிதில்லை. சுண்டைக்காய்ச் செடியில் கத்தரியை ஒட்டுக்கட்டிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். எங்கள் உவர்நீரைத் தாங்கும் வேர்ச்செடி எது என்று இங்கேயே தேடிப் பார்க்கலாமே.

இவை எல்லாவற்றையும்விட எளியது ஸ்பெயின் நாட்டு அல்மேரியா. 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் குடில்கள். பெரும்பாலானவற்றில் ஃபேனும் இல்லை, பேடும் இல்லை. கோடை வந்தால் கூரையில் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். மழை வந்தால் கரையும். உவர்ப்பைச் சமாளிக்கக் களிமண், அதன்மேல் எரு, அதன்மேல் மணல் என்று பரப்பி நடுவார்கள். மணல் மூடாக்காக நின்று ஈரத்தைக் காக்கும். எங்கள் கை வேலைக்கு எட்டுகிற தொழில்நுட்பம் இது. ஆனால் அதே அல்மேரியாவில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. அந்தத் தவற்றை நாங்கள் செய்யாமல் இருக்கவும் உங்கள் ஆராய்ச்சிதான் வழி காட்ட வேண்டும்.

தண்ணீர் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண்மாயும் ஊருணியும்தான் ஞாபகம் வரும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வருடம் முழுக்கத் தேவைப்படும் தண்ணீரை இரண்டு மூன்று மாத மழையில் பிடித்து வைக்கக் கற்றவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். பாலிஹவுஸ் கூரையும் அப்படி ஒரு நீர்ப்பிடிப்புதான் என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் ஆண்டு மழை 800 மி.மீட்டரை ஒட்டியது. 1,000 சதுர மீட்டர் கூரையில் அது 8 லட்சம் லிட்டர். வழிந்ததும் சிதறியதும் போக 6 லட்சம் பிடித்தாலும், நாளுக்கு 3,000 லிட்டர் வீதம் 200 நாள் பயிருக்குக் காணும். உப்பே இல்லாத தண்ணீர்! 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் தார்ப்பாய் விரித்த ஒரு பண்ணைக்குட்டை போதும். குட்டைக்கு மேலே நிழல் வேண்டும். இல்லாவிட்டால் வெயில் குடித்துவிடும். பேடுக்குக் கடல்நீரோ உவர்நீரோ, செடிக்குக் கூரை மழை என்று பிரித்துவிட்டால் போரைத் தொடாமலே ஒரு பயிர் எடுக்கலாம் என்பது என் கணக்கு. விவசாயியின் கணக்கு தவறாகவும் இருக்கலாம். அதனால்தான் சோதித்துப் பாருங்கள் என்கிறேன். 2024 நவம்பர் 20இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழையைக் கூரையும் வாய்க்காலும் தாங்குமா என்பதையும் அதே சோதனையில் பார்க்க வேண்டும்.

காற்றின் வேகத்தையும் சொல்ல வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்த கடல் இது. துத்தநாகம் பூசிய குழாய் உள்நாட்டில் எத்தனை வருடம் வருமோ, இங்கே அத்தனை வராது. என் குடிலின் போல்ட்டுகள் மூன்றாம் வருடமே துருவேறிப் பிதுங்கிவிட்டன. எந்தக் குழாய், எந்தப் பூச்சு, எவ்வளவு உயரம், புயல் எச்சரிக்கை வந்தால் தாளைச் சுருட்டிக் கட்ட எத்தனை ஆள் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் கடற்கரைக்கென்று தனி அளவுகோலாக வர வேண்டும்.

குடிலிலிருந்து வெளியேறுவதைப் பற்றியும் மனம் விட்டுச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையும் கடற்புல்லும் அங்கேதான் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தக் கடலை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். தேங்காய் நார்த் தூளில் உரத்தண்ணீர் விட்டு வளர்க்கும்போது, கொடுத்ததில் ஒரு பங்கு வடிந்து வெளியே வரும். அது வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போனால் பாசி படரும். வடிந்த தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி செடிக்கே கொடுக்கும் முறையை நெதர்லாந்துக்காரர்கள் சட்டமாகவே ஆக்கி, 2027க்குள் குடில்களிலிருந்து ஏறக்குறைய எதுவுமே வெளியேறக் கூடாது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே முதல் குடிலிலிருந்தே அதைக் கட்டாயமாக்குங்கள். பேடில் கடைசியாக மிஞ்சும் கெட்டி உப்புநீரைக் கடலில் விடாமல் உப்பளப் பாத்திக்குக் கொண்டுபோக முடியுமா? வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே இருக்கிறது. உமரிக்கீரையும் வங்காரவச்சிக் கீரையும் உவர்நீரிலேயே வளரும். அவற்றை அந்த மிச்சநீரில் வளர்த்துப் பார்க்கலாம். 200 மைக்ரான் கூரைத் தாள் என் குடிலுக்கு மட்டும் ஏறத்தாழ 300 கிலோ. சில வருடத்துக்கு ஒரு முறை கிழியும். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு இல்லாமல் மானியம் கொடுக்கக் கூடாது என்று பரிந்துரையுங்கள்.

யாருக்காக இந்த ஆராய்ச்சி என்ற கேள்வியும் எனக்கு முக்கியம். தங்கச்சிமடம் பக்கம் மல்லிகைப் பதியன் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறார்கள். அந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர். மணலும் நல்ல தண்ணீரும் நிழலும் இருந்தால் போதும் என்று தொடங்கிய தொழில் அது. ஒரு தண்டு வேர் விட எவ்வளவு ஈரம், எவ்வளவு நிழல் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். உங்கள் சோதனைக் குடிலில் முதல் பயிராக நாற்றையும் பதியனையும் வையுங்கள். சின்ன இடம் போதும், தண்ணீர் குறைவு, கோடை முழுக்க ஓட்ட வேண்டியதில்லை, பணமும் சீக்கிரம் திரும்பும். அந்த அக்காமார்களைப் பயிற்சிக்கு வரவழைத்து உட்கார வைப்பதோடு நிறுத்தாமல், சம்பளம் கொடுத்து ஆராய்ச்சிக் குழுவில் சேருங்கள்.

நான் கேட்கும் களம் பெரியது இல்லை. கடலை ஒட்டி ஓர் இடம், கரையிலிருந்து எட்டுப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே ஓர் இடம். ஒவ்வொன்றிலும் மூன்று குடில்கள்: ஃபேனும் பேடும் வைத்தது ஒன்று, உயரமான கூரையில் உச்சித் திறப்பு வைத்துக் காற்றாடவிட்டது ஒன்று, நிழல்வலையும் காற்றுத் திசைப் பேடும் வைத்தது ஒன்று. குறைந்தது மூன்று வருடம் நடக்கட்டும். பகல் வெப்பத்தோடு இரவு வெப்பத்தையும் பதியுங்கள். எங்கள் பூக்கள் உதிர்ந்ததற்கு அந்த இரவுகளும் காரணம் என்றே நம்புகிறேன். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த மாவட்டம் இது. ஃபேன் ஓட நாலு சோலார் தகடு கிடைக்காதா? சென்சார், செல்போன் செயலி எல்லாம் வரட்டும், ஆனால் உப்புக் காற்றில் ஒரு வருடம் கெடாமல் ஓடிய பிறகு எங்களிடம் கொடுங்கள். மாதா மாதம் அளவுகளைத் தமிழில் வெளியிடுங்கள். தோற்ற பயிரையும் வெளியிடுங்கள். எந்த மாதத்தில் எதை நடக்கூடாது என்ற ஒரு பக்க அட்டவணை எனக்கு அன்றைக்குக் கிடைத்திருந்தால் கடன் பாதியாக இருந்திருக்கும்.

இடம் தேட வேண்டியதில்லை. என் குடிலின் சட்டம் இன்னும் நிற்கிறது. மூன்று வருடத்துக்கு வாடகை இல்லாமல் தருகிறேன். வடகிழக்கு மூலையில் இரண்டு கால்கள் துருப்பிடித்திருக்கின்றன, முதலில் அவற்றை மாற்ற வேண்டும். கூரைத் தாள் கிழிந்துவிட்டது. நாலு வருட வெப்ப அளவு நோட்டு வீட்டில் இருக்கிறது. இடையில் ஒரு ஆவணி மாதம் மட்டும் எழுதவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத மாதம் அது. வைகாசியில் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள். உள்ளே பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, தென்னை நிழலில் உட்கார்ந்து பேசுவோம்.

இப்படிக்கு,
உச்சிப்புளிப் பக்கத்து விவசாயி ஒருவன்